சதை டெஸ்ட்: அன்றும் இன்றும்

மதுரைப் பெரியாஸ்பத்திரியின் யூராலஜி ஓ.பி.க்கு வெளியே காலையில் போய் நின்றால், மூத்திரப் பையைத் துண்டால் மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். "ஐயாவுக்கு ரெண்டு நாளா ஒண்ணுக்கு அடைச்சுக்கிருச்சு. டியூப் போட்டுவிட்டாங்க. சதை வளர்ந்திருக்காம்" என்று கூட வந்த மகன் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். டாக்டரிடம் கேட்பதற்கு அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: வளர்ந்திருப்பது வெறும் சதைதானா, வேறு ஏதாவதா?

எழுபது ஆண்டுக்கு முன்பும் இதே கேள்வியோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் வந்தவர்கள் குறைவு. 'சதை' என்று ஊரில் சொல்லும் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கமும் புரோஸ்டேட் புற்றும் பெரும்பாலும் அறுபதை ஒட்டியும் அதற்குப் பிறகும் வருபவை. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் நாற்பதைத் தொடவில்லை. இன்று தமிழ்நாட்டில் அது எழுபதைத் தாண்டிவிட்டது. நீண்ட ஆயுளோடு சேர்ந்தே இந்தச் சுரப்பியின் தொல்லைகளும் ஊருக்குள் வந்தன. கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் முறை மட்டும் அடியோடு மாறிவிட்டது. அந்த மாற்றத்தை முன்னால் நின்று இழுத்து வந்தவை நொதிகள். ஒரே சுரப்பியின் சாதாரணத் திசுவில் ஒரு நொதி நிறைய இருக்கும். புற்றுத் திசுவில் அதுவே குறைந்துபோகும். இன்னொன்று சாதாரணத் திசுவில் ஏறக்குறைய இல்லாமலே இருந்து, புற்றில் பெருகிப்போகும். எது எங்கே இருக்கிறது, எது எங்கே இல்லை என்று படிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் துறையின் கதை.

அன்று மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர். 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் எர்ஸ்கின் பிரபு. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் ஆஸ்பத்திரி அதனோடு சேர்ந்தது. ராஜாஜியின் பெயர் பின்னால் வந்தது. அந்தக் காலத்தில் சிறுநீர் அடைத்து வருபவருக்கு வழி பெரும்பாலும் இரண்டுதான். டியூப் போடுவது, இல்லையென்றால் அடிவயிற்றைக் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, விரலால் சதையைத் தோண்டி எடுப்பது. இந்த இரண்டாவது முறையைப் பரப்பிய பீட்டர் ஃப்ரேயர், லண்டனுக்குப் போவதற்கு முன்பு இந்திய மருத்துவப் பணியில் ஏறத்தாழ இருபதாண்டு வட இந்தியாவில் வேலை பார்த்தவர். மூத்திரக் கல்லை உடைத்து எடுப்பதில் அவர் கைபழகியது நம் நாட்டு நோயாளிகளிடம்தான்.

எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்புவார்கள். அங்கே மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். உட்கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. டாக்டர் பார்ப்பது வடிவத்தை. சுரப்பிக் குழாய்கள் ஒழுங்காக விரிந்து கிடக்கின்றனவா, சின்னச் சின்னதாக நெருங்கி ஒன்றையொன்று நெருக்குகின்றனவா, குழாய் என்ற உருவமே கரைந்துபோயிற்றா? இந்த வடிவங்களுக்கு 1966இல் மின்னியாபொலிஸின் டொனால்ட் கிளீசன் வரிசை எண் கொடுத்தார். இன்றும் எல்லா ரிப்போர்ட்டிலும் நிற்கும் 'கிளீசன் ஸ்கோர்' அதுதான். வடிவத்தைப் படிக்கும் கலை அன்றே நன்றாக வளர்ந்திருந்தது. ஐந்தாறு குழாய்கள் மட்டும் சந்தேகமாக ஓர் ஓரத்தில் கிடந்தால் சிக்கல். அங்கே அனுபவம் ஒன்றே கைகொடுத்தது.

ரத்தத்தில் பார்க்க அன்று இருந்த ஒரே சோதனை ஆசிட் பாஸ்படேஸ். இதை இன்றைய இளம் டாக்டர்கள் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். நவீனப் புற்றுநோய் மருத்துவத்தின் பெரிய கதவு ஒன்றைத் திறந்தது இந்த நொதி என்பதால், கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மனிதப் புரோஸ்டேட்டில் இந்த நொதி மிக அதிகமாக இருப்பதை 1935இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அலெக்சாண்டர் குட்மனும் எத்தல் குட்மனும் தங்கள் சகாவோடு சேர்ந்து, எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் கட்டிக்குள்ளும் அதைக் கண்டார்கள். எலும்பில் பிறக்க வேண்டியதில்லாத ஒரு நொதி எலும்பில் நின்றது. 1938இல் அது ரத்தத்திலும் உயர்ந்து காட்டும் என்று குட்மன் தம்பதி எழுதினார்கள். உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புற்றை ரத்தக் குழாயில் ஊசி போட்டு அளக்க முடிந்தது ஏறக்குறைய அதுதான் முதல்முறை. 1941இல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் விதைகளை அகற்றினால், அல்லது பெண் ஹார்மோன் கொடுத்தால், ரத்தத்தில் இந்த நொதி சரிவதைக் காட்டினார்கள். புற்றுக்கட்டியும் ஹார்மோனைச் சார்ந்து வாழ்கிறது என்பதற்கு நொதியின் அளவே சாட்சியாக நின்றது. 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு. மதுரையிலும் மற்ற ஊர்களிலும் பல பத்தாண்டுகள் நடந்ததும், இன்றும் ஏழை நோயாளிகளுக்கு நடப்பதுமான விதைநீக்க ஆபரேஷனுக்கு அடிப்படை இந்த 1941தான்.

சோதனையாக அது எடுப்பாக இல்லை. சீரத்தோடு ஒரு பாஸ்பேட் சேர்மத்தைச் சேர்த்து, நொதி அதை உடைப்பதில் வரும் நிறத்தை அளப்பார்கள். ரத்தச் சிவப்பணுவிலும் இதே வகை நொதி உண்டு. சாம்பிள் கொஞ்சம் சிதைந்தாலும் கணக்குத் தப்பும். டார்ட்ரேட் சேர்த்துப் புரோஸ்டேட் பங்கை மட்டும் பிரிப்பார்கள். மலக்குடல் வழியாக விரல் விட்டுப் பார்த்த பிறகு ரத்தம் எடுத்தால் அளவு கூடிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நொதிக்குச் சூடு ஆகாது. எடுத்த சாம்பிள் அறை வெப்பத்தில் நிற்க நிற்க அதன் காரத்தன்மை ஏறும், நொதி செத்துப்போகும். அமிலம் சேர்த்துக் குளிரில் வைக்காவிட்டால், சித்திரை மாத மதுரையில் உயர்ந்த அளவும் இயல்பான அளவாகப் படிக்கப்படும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், நோய் எலும்புக்குப் போன பிறகே அந்த எண் பெரும்பாலும் ஏறியது. முதுகு வலி என்று ஒருவர் வருவார். ஏர் பிடித்த, மூட்டை சுமந்த முதுகு. வலிப்பது அவருக்கே இயல்பாகத் தோன்றியிருக்கும். தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, கால் மரத்துப்போனதும் கட்டிலோடு தூக்கி வந்திருப்பார்கள். அப்போது எடுத்த ரத்தத்தில் நொதி மிக அதிகம். அன்றைய சோதனை பெரும்பாலும் கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் படித்துச் சொன்னது.

ஏன் அப்படி என்பதற்கான விடை திசுவில் இருந்தது. புரோஸ்டேட்டின் ஒவ்வொரு குழாயையும் உள்ளே சுரக்கும் செல்கள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றுக்கு வெளியே அடிச்செல்களின் ஒரு வரிசை, அதற்கும் வெளியே ஒரு மென்சவ்வு. சுரப்பதெல்லாம் குழாய்க்குள் இறங்கி விந்தோடு போகும். ரத்தத்துக்குள் அநேகமாக எதுவும் கசியாது. புற்று வந்ததும் முதலில் காணாமல் போவது அந்த அடிச்செல் வரிசை. பிறகு சவ்வு கிழியும். செல்லுக்கு எது உள்ளே, எது வெளியே என்ற திசை குழம்பும். ஒரு செல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், ஆசிட் பாஸ்படேஸும் பின்னால் வந்த பி.எஸ்.ஏ. என்ற நொதியும் சாதாரணத் திசுவைவிடப் புற்றுத் திசுவில் குறைவாகவே உற்பத்தியாகின்றன. ரத்தத்தில் மட்டும் கூடுகின்றன. கரை உறுதியாக இருக்கும் கண்மாயில் தண்ணீர் நிறைய இருந்தும் மடை வழியாக வயலுக்கு மட்டும் போகும். கரை உடைந்தால், கண்மாயில் மிச்சம் இருப்பது குறைவென்றாலும் ஊருக்குள் முழங்கால் தண்ணீர். ரத்தப் பரிசோதனை அளப்பது ஊருக்குள் நிற்கும் தண்ணீரை. கரை எங்கே உடைந்தது என்பதைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆசிட் பாஸ்படேஸ் குறைவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. செல்லுக்குள் இருக்கும்போது அந்த நொதி வளர்ச்சியைத் தூண்டும் சில சமிக்ஞைகளின் கையைக் கட்டிப்போடுகிறது. அது குறைந்தால் கட்டு அவிழ்கிறது. எழுபதாண்டு நோயின் அடையாளமாக மட்டுமே நாம் பார்த்த நொதி, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காவல்காரனாகவும் இருந்திருக்கிறது.

பி.எஸ்.ஏ.வுக்கு வருவோம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிலையத்தில் வாங், சூ ஆகியோரின் குழு 1979இல் இதைப் புரோஸ்டேட் திசுவிலிருந்து தனியே பிரித்தெடுத்தது. இதுவும் ஒரு நொதிதான். புரதங்களை வெட்டும் வகை. வெளிவந்ததும் உறையும் விந்தைச் சில நிமிடங்களில் நீர்க்க வைப்பது இதன் வேலை. 1986இல் சிகிச்சைக்குப் பிறகான கண்காணிப்புக்கும், 1994இல் நோயைக் கண்டறிய உதவும் சோதனையாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற எல்லைக்கோடு உலகெங்கும் பரவியது.

இன்று மதுரையில் அந்த எண் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் எளிதாகக் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கான 'முழு உடல் பரிசோதனை' பட்டியலில் சர்க்கரை, கொழுப்புக்குப் பக்கத்திலேயே அதுவும் சேர்ந்துவிட்டது. கே.கே.நகரிலோ அண்ணாநகரிலோ இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது: 5.8, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. பையன் பெங்களூரிலிருந்து கூகுளைத் துழாவுகிறான்.

அந்த எண்ணுக்குள் எது இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். 1987இல் ஸ்டான்ஃபோர்டின் தாமஸ் ஸ்டேமி குழு கணக்கிட்டது: சாதாரண வீக்கத் திசு ஒரு கிராமுக்கு ரத்தத்தில் சுமார் 0.3 நானோகிராம் பி.எஸ்.ஏ.வைக் கூட்டும், புற்றுத் திசு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் 20 கிராம் இருக்க வேண்டிய சுரப்பி சாதாரண வீக்கத்திலேயே 60, 80 கிராமாகிவிட்டால், அந்த 0.3களே சேர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். சிறுநீர்த் தொற்று, டியூப் போட்டது, அடைப்பு வந்தது எல்லாமே எண்ணை ஏற்றும். ஆகவே உயர்ந்த பி.எஸ்.ஏ. உள்ளவர்களில் கணிசமானோருக்குப் புற்று கிடையாது. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: 4க்குக் கீழே இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் புற்று இருக்கிறது.

இதில் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. என் கவலையெல்லாம் அதைப் பற்றியதுதான். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.எச்.டி.யாக மாற்றும் நொதி 5-ஆல்பா ரிடக்டேஸ். 1974இல் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறவியிலேயே இந்த நொதி குறைவான ஆண்கள் சிலரை ஜூலியன் இம்பராடோ-மகின்லி விவரித்தார். அவர்களுக்குப் புரோஸ்டேட் சிறுத்தே இருந்தது. இந்த நொதியை முடக்கலாம் என்று அதிலிருந்து பிறந்த யோசனையின் பலன்தான் 1992இல் சந்தைக்கு வந்த ஃபினாஸ்டரைடும், பிறகு வந்த டுடாஸ்டரைடும். சதை வீக்கத்துக்கு டாம்சுலோசினோடு சேர்த்து டுடாஸ்டரைடு மாத்திரை இன்று தாராளமாக எழுதப்படுகிறது. பலர் முதல் சீட்டை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆறு மாதம் ஒரு வருடத்தில் இந்த மாத்திரை பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிவிடும். அதனால் ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் உண்மையில் அது 6. மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் டெஸ்ட் எடுத்து, 'நார்மல்' என்று மடித்து வைத்தவர் இரண்டாண்டு கழித்து முதுகு வலியோடு வரக்கூடும். ரத்தம் எடுக்கும் இடத்தில் "சதைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களாய்யா?" என்ற ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அதே 5-ஆல்பா ரிடக்டேஸ் திசுவில் நடந்துகொள்ளும் விதமும் கவனிக்கத் தக்கது. அதற்கு இரண்டு வடிவங்கள். சாதாரணத் திசுவில் ஓங்கி நிற்பது இரண்டாம் வகை. புற்றாக மாறும்போது இரண்டாம் வகை தாழ்ந்து, முதல் வகை ஏறுகிறது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நொதிகளுக்குள்ளேயே ஆள்மாற்றம்.

இனி திசு டெஸ்ட். இன்று சதையைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு வயிற்றைக் கீற வேண்டியதில்லை. சிறுநீர்ப் பாதை வழியே கருவியை நுழைத்துத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்டு துணையோடு மலக்குடல் வழியாக நூல் கனத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள். இவ்வளவு சின்னத் துண்டில், அன்று டாக்டர்களைத் திணறவைத்த அந்த 'ஐந்தாறு சந்தேகக் குழாய்கள்' இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. அங்கேதான் நொதி மறுபடியும் வந்து கைகொடுத்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி, புற்றுத் திசுவிலும் சாதாரணத் திசுவிலும் ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் ஆய்வகம் அதில் முன்னணி. அங்கிருந்து 2001இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின் முதல் பெயர் சரவண மோகன் தனசேகரன். ஹெப்சின் என்ற புரதவெட்டி நொதி புற்றில் ஏறி நிற்பதை அது காட்டியது. மறு ஆண்டு சூரியநாராயண வரம்பள்ளியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை, பரவும் புற்றில் ஈ.இசட்.எச்.2 என்ற இன்னொரு நொதி கூடுவதைச் சொன்னது. 2005இல் அதே ஆய்வகம், டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதியின் ஜீன் உடைந்து இன்னொரு ஜீனோடு ஒட்டிக்கொள்வதை சயன்ஸ் இதழில் வெளியிட்டது. கொரோனா காலத்தில் வைரஸ் நம் செல்லுக்குள் நுழையக் கதவு திறந்துவிடுவதாகப் பேசப்பட்டது இதே நொதிதான்.

அன்றாடம் நோயாளிக்குப் பயன்பட்டது இவற்றுக்குப் பக்கத்திலேயே வந்த ஏ.எம்.ஏ.சி.ஆர். கிளைவிட்ட கொழுப்பு அமிலங்களை உடலுக்குப் பயன்படும்படி திருப்பிவைக்கும் நொதி அது. அந்தக் கொழுப்பு ஆடு மாடுகளின் பாலிலும் இறைச்சியிலும் இருந்து வருகிறது. இதை வைத்து மதுரைக்காரரின் கறிக்குழம்பைக் குற்றம் சொல்லக் கிளம்ப வேண்டாம். உணவுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நிரூபணமாகவில்லை. சாதாரணக் குழாய்களில் இந்த நொதி அநேகமாகத் தெரியாது. புற்றுக் குழாய்களில் பளிச்சென்று தெரியும். மெழுகுச் சீவலின் மேல் இந்த நொதியை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஊற்றி, அதோடு ஒரு சாயத்தை இணைத்தால், நொதி இருக்கும் செல் நிறமேறும். கூடவே அடிச்செல்களைக் காட்டும் பி63 சாயமும். நிறமேறிய குழாய், சுற்றிலும் அடிச்செல் இல்லை என்றால், வடிவத்தோடு சேர்த்துப் பார்த்துப் புற்று என்று எழுதலாம். அடிச்செல் வரிசை முழுதாக நின்றால் பேனா நின்றுவிடும். நொதி மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. புற்றுக்கு முந்தைய மாற்றங்களிலும் அது ஏறும், சில புற்றுகளில் ஏறாமலும் இருக்கும். நல்ல நோய்க்குறியியலாளர் சாயத்துக்கு முன்பு வடிவத்தைத்தான் பார்க்கிறார். அன்றைய கலை இன்றும் வேலையை விடவில்லை.

இல்லாமல்போவதும் ஒரு செய்திதான். நச்சை முறிக்கும் ஜி.எஸ்.டி.பி.1 என்ற நொதி சாதாரணத் திசுவின் அடிச்செல்களில் இருக்கும். பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுகளில் அதன் ஜீன் பூட்டப்பட்டு நொதி மறைந்துவிடுவதை 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. இன்னும் விசித்திரம் துத்தநாகம். சாதாரணப் புரோஸ்டேட் செல் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்து அகோனிடேஸ் நொதியை முடக்குகிறது. சிட்ரேட் எரியாமல் தேங்கி விந்தோடு போகிறது. புற்றுச் செல் துத்தநாகத்தை இழக்கிறது, நொதி விழித்துக்கொள்கிறது, தேங்கியதையெல்லாம் எரித்துத் தன் வளர்ச்சிக்கு ஆக்குகிறது.

இன்றைய நாளின் பெரிய மாற்றம் பி.எஸ்.எம்.ஏ. பெயரில் 'புரோஸ்டேட்டுக்கு மட்டுமே உரிய' என்று இருந்தாலும் சிறுகுடல், சிறுநீரகம், உமிழ்நீர்ச் சுரப்பி, மூளை என்று பல இடங்களில் இருக்கும் நொதி. குடலில் ஃபோலேட்டை உடைத்துக் கொடுப்பது அதன் வேலை. சாதாரணப் புரோஸ்டேட்டில் கொஞ்சமாக இருந்து புற்றில் பல நூறு மடங்கு வரை ஏறும். அதுவும் செல்லின் வெளிச்சுவரில் நிற்கும். வெளிச்சுவரில் நிற்பதால் அதையே முகவரியாக வைத்துக்கொண்டார்கள். அந்த நொதியில் போய் ஒட்டும் ஒரு சின்ன மூலக்கூறில் காலியம்-68ஐ ஏற்றி அனுப்பினால், பெட் ஸ்கேனில் நோய் ஒளிந்திருக்கும் நிணமுடிச்சும் எலும்பும் ஒளிர்கின்றன. லுடீசியம்-177ஐ ஏற்றி அனுப்பினால் அதே இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சை. அமெரிக்காவில் 2022இல் இதற்கு ஒப்புதல். லுடீசியத்தை டிராம்பேயின் துருவா அணு உலையில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்கிறது. இந்திய மருத்துவமனைகள் அந்த ஒப்புதலுக்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. வாய் வறட்சி என்று நோயாளி சொல்வார். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அந்த நொதி இருக்கிறதல்லவா.

அன்று சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்த பல சோதனைகள் இன்று மதுரையிலேயே கிடைக்கின்றன. பெரியாஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் உயர்சிறப்புப் பிரிவுகளுக்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். கதிர்வீச்சுக்கு அதன் பாலரங்காபுரம் மையம் இருக்கிறது. 2009இல் தொடங்கி 2012இல் முதலமைச்சர் பெயரில் விரிந்த காப்பீட்டுத் திட்டம் பலருக்கு நிலத்தை விற்காமல் ஆபரேஷன் செய்துகொள்ள வழி கொடுத்தது. ஆண் ஹார்மோனை உண்டாக்கும் சி.ஒய்.பி.17 நொதியை முடக்கும் அபிரடரோன் மாத்திரை 2011இல் வந்தபோது எட்டாத விலை. இந்தியக் கம்பெனிகள் தயாரித்த பிறகு கீழே இறங்கியது. கால் பங்கு அளவை, அதாவது 250 மில்லிகிராமைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு சாப்பிட்டாலே பி.எஸ்.ஏ.வைக் குறைப்பதில் முழு அளவுக்கு ஈடாகும் என்று 2018இல் ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு வந்தது. நம் நாட்டுப் புற்றுநோய் டாக்டர்கள் பலர் அதைக் கவனித்துப் படித்தார்கள். அளவை மாற்றுவது டாக்டரின் முடிவு. யாரும் வீட்டில் தாமாகச் செய்யக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரே நகரத்தில் இரண்டு தீங்குகள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. மேலை நாட்டில் பி.எஸ்.ஏ.வை அளவுக்கு மீறித் தேடியதால், தொல்லை தராமலே இருந்துவிடக்கூடிய கட்டிக்கெல்லாம் ஆபரேஷன் நடந்து, ஆண்மைக் குறைவும் சிறுநீர்க் கசிவும் வந்தன. எண்பது வயதைத் தொட்டு வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் பிரேதப் பரிசோதனையில் பாதிப் பேருக்கு மேல் சின்னப் புற்று இருந்தது தெரிந்தது. 1970லேயே புரோஸ்டேட் ஆன்டிஜென் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஆப்ளின், எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. எடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த விவாதத்தைப் படித்துவிட்டு "இந்த டெஸ்டே வேண்டாம்" என்று சொல்பவர்கள் இங்கும் உண்டு. அவர்கள் ஒருமுறை எலும்பியல் ஓ.பி.க்கும் போய்ப் பார்க்க வேண்டும். பேரையூர்ப் பக்கத்துப் பெரியவர் இன்றும் முதுகு வலியோடுதான் முதலில் வருகிறார். அவருக்கு இதுவரை யாரும் பி.எஸ்.ஏ. எடுத்ததில்லை. கே.கே.நகர்க்காரருக்கு எண் மிகுதி, பேரையூர்க்காரருக்கு எண்ணே இல்லை. இருவருக்கும் கிடைக்காதது உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் கால்மணி நேரம். சிறுநீர்த் தொல்லையோ விடாத எலும்பு வலியோ உள்ள அறுபது வயதுக்காரருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும் என்பதும், தொல்லையே இல்லாதவர் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்பதும் என் கருத்து.

ஆராய்ச்சியிலும் ஒரு குறை. சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் அருணாகரன் குழு, வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டின், வேப்பிலையின் நிம்போலைடு முதலியவை புரோஸ்டேட் புற்றுச் செல்களை எப்படித் தடுக்கின்றன என்று பல ஆண்டு ஆராய்ந்தது. அந்த வகை ஆய்வுக்குக் கிடைக்கும் பி.சி.-3, எல்.என்.கேப் செல்கள் 1970களில் அமெரிக்க நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்து வளர்த்தவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் புஷ்ரா அதீக் போன்றவர்கள் இந்திய நோயாளிகளின் கட்டிகளை ஆராய்கிறார்கள். வைகைச் சமவெளி ஆண்களின் திசுவில் எந்த நொதி ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டிய மூலப்பொருள் நம் ஊர் நோய்க்குறியியல் துறைகளின் அலமாரிகளில் மெழுகுக் கட்டிகளாக இருக்கிறது. ஆசிட் பாஸ்படேஸின் செயலை அளக்கப் புதுத் திசு தேவைப்பட்டது. எதிர்ப்புரதச் சாயத்துக்குப் பல ஆண்டுப் பழைய மெழுகே போதும். நோயாளியின் அடையாளத்தை நீக்கி, ஒப்புதல் முறைகளோடு, மருத்துவக் கல்லூரியின் முதுகலை மாணவர் ஒருவர் தொடங்கலாம்.

குடும்பத்தாருக்கும் அந்த மெழுகுக் கட்டியால் உபயோகம் உண்டு. சுரண்டி எடுத்த சதை வெறும் வீக்கம் என்று தோன்றினாலும் அதை டெஸ்டுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்; எதிர்பாராத புற்று அதில் அகப்படுவது உண்டு. ரிப்போர்ட்டில் கிளீசன் ஸ்கோர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்று எழுதியிருந்தால் நொதிச் சாயம் போட்டார்களா என்று விசாரியுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ வேலூருக்கோ போகலாம். பெரும்பாலும் அந்தக் கட்டியிலிருந்தே இன்னொரு சீவல் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். ஐயாவுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருக்காது.